பல் கடித்தலும் மனோவசிய சிகிச்சையும்

‘பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்’ என்பது நம் மொழியில் நெடுங்காலமாக வழங்கிவரும் அறிவுரை. ‘பல்லை நறநறவென்று கடித்தான்’ என்பது சினத்தைக் குறிக்கும் வழக்கு. முன்னது துன்பத்தைத் தாங்குவோன் செயல். பின்னது கோபத்தை அடக்குவோன் செயல். இவ்விரண்டிலும் வாய் திறக்கப்படவில்லை என்பதைக் கருதுதல் வேண்டும். சொல்ல வேண்டிய சொல் தொண்டையிலேயே நிற்க, அதன் பாரத்தைத் தாடை சுமக்கின்றது. இவ்வறிவுரையைத் தலைமுறை தலைமுறையாக மிகுதியும் கேட்டு வந்தோர் யாவர் என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

வழக்குமொழியில் உள்ள இப்பல் கடித்தல் மெய்யாகவே உடலில் நிகழும்போது, அதனைத் தணிக்க ஹிப்னாடிஸம் என்னும் மனோவசிய முறையை நாடலாமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். தன் மனத்தைத் தானே காத்தல் வேண்டும் என்னும் அறத்தை ஏற்றுக்கொண்ட ஒருவர், அம்மனத்தைப் பிறர் சொல்லுக்கு ஒப்படைத்தல் தகுமா? துன்பத்தின் காரணம் வெளியே இருக்க, தாடையை மட்டும் தளர்த்திக்கொள்ளுதல் நேர்மையாகுமா? இவ்விரு வினாக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னர் இத்துன்பத்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

தாராவியின் ஒற்றையறை வீடுகளில் ஐவரும் அறுவரும் வரிசையாகப் படுத்துறங்குவர். நள்ளிரவில் ஒருவர் பல்லை அரைக்கும் ஓசை மற்ற யாவரையும் எழுப்பிவிடும். அரைப்பவரோ அதனை அறியார். காலையில் எழும்போது தாடை இறுகியிருத்தலும், நெற்றிப்பொட்டில் வலி எடுத்தலும், வாயை அகலத் திறக்க இயலாமையுமே அவர்க்குக் கிடைக்கும் அறிகுறிகள். நாளடைவில் பற்களின் மேற்பரப்பு தேயும். குளிர்நீர் பட்டால் கூசும். கன்னத் தசை புடைக்கும். சிலர்க்குப் பல் பிளத்தலும், அடைத்த பல் உடைதலும் உண்டு.

மருத்துவர் இதனை இருவகையாகப் பிரிப்பர். உறக்கத்தில் நிகழ்வது ஒன்று. விழித்திருக்கும்போதே தம்மையறியாமல் தாடையை இறுக்கி வைத்திருத்தல் மற்றொன்று. 2018 ஆம் ஆண்டில் பல நாட்டு அறிஞர்கள் கூடி வெளியிட்ட கருத்துரையின்படி, வேறு நோயற்ற மனிதரிடத்தில் இது தன்னளவில் ஒரு நோயன்று; தாடைத் தசைகளின் ஒரு செயல். பல் தேய்வுக்கும் வலிக்கும் அது வழிகோலும்போதே மருத்துவம் வேண்டப்படுகின்றது. உறக்கம் கணநேரம் கலையும் பொழுதுகளோடு இரவுக் கடிப்பு தொடர்புடையது. குடும்பவழி இயல்பு, புகையிலை, மது, அளவுமீறிய காப்பி, மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளுள் சில ஆகியவற்றோடும் அதற்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது. மனநெருக்கடியும் இவற்றுள் ஒன்று. விழிப்பில் நிகழும் தாடையிறுக்கத்தில் அதன் பங்கு பெரிது. குழந்தை பல் கடித்தால் ‘வயிற்றில் பூச்சி’ என்று ஒரே முடிவாகச் சொல்லிவிடும் வழக்கத்துக்கும் ஆராய்ச்சி உறுதியான ஆதரவு தரவில்லை. ஆகவே, பல் கடிப்பவர் அனைவரும் கோபத்தை விழுங்கியவர் என்று கருதுதலும் பிழை. கோபத்துக்கும் கவலைக்கும் இதில் இடமே இல்லை என்று கூறுதலும் பிழை.

பல் மருத்துவர் இரவில் அணிந்துகொள்ள ஓர் உறை செய்து தருவர். அது பற்களைத் தேய்விலிருந்து காக்கும். கடிக்கும் செயலை நிறுத்தும் என்பதற்கு உறுதி இல்லை. இந்தக் குறையினாலேயே மனத்தின் வழியாகத் தாடையைத் தளர்த்த இயலுமா என்னும் எண்ணம் எழுந்தது. மனோவசிய சிகிச்சை செய்பவர், நோயாளியின் கவனத்தை மூச்சிலோ தம் குரலிலோ ஒருமுகப்படுத்துவர். உடல் தளர்ந்து அமைதியுற்ற நிலையில், ‘பல்லும் பல்லும் தொட்டவுடன் தாடை தானே தளரும்’ என்பது போன்ற கருத்தை மீண்டும் மீண்டும் பதியச் செய்வர். பின்னர் நோயாளி இதனைத் தாமே செய்துகொள்ளவும் கற்பிப்பர்.

இனி முதல் வினாவுக்கு வருவோம். பஞ்சசீலத்தின் ஐந்தாவது சீலம், மயக்கம் தந்து விழிப்பின்மைக்கு இடமாகும் மது முதலியவற்றை விலக்குகின்றது. பகவன் புத்தர் தம் இறுதி நாட்களில், பிறரைப் புகலாகக் கொள்ளாது தம்மையும் தம்மத்தையுமே புகலாகக் கொள்ளுமாறு ஆனந்தருக்கு அறிவுறுத்தினார். அவ்வாறிருக்க, இன்னொருவர் குரலுக்குத் தன் மனத்தை விட்டுக்கொடுத்துக் கண்மூடிக் கிடத்தல் இதற்கு முரணன்றோ என்று கேட்பவர் வீண்கேள்வி கேட்கவில்லை. சாமியாடியின் முன்னும் மந்திரவாதியின் முன்னும் நம் முன்னோர் மனத்தை இழந்து நின்ற காலத்தை நினைத்தே அவர் கேட்கின்றார்.

இவ்வையத்துக்குப் பாதிக் காரணம் அச்சொல்லே. மனோவசியம் என்றால் மனத்தை வயப்படுத்துதல். அதாவது ஒருவன் மற்றொருவன் மனத்தைப் பிடித்துக்கொள்ளுதல். தொடக்கத்தில் ஐரோப்பியரும் அவ்வாறே எண்ணினர். வியன்னாவிலிருந்து பாரிஸுக்கு வந்த மெஸ்மர் என்னும் மருத்துவர், தம் உடலிலிருந்து ஒருவகைக் காந்தப் பொருள் பாய்ந்து நோயைத் தீர்ப்பதாகக் கூறினார். 1784 இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு அதனைச் சோதித்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாசியேவும் அக்குழுவில் இருந்தனர். அத்தகைய பொருள் ஒன்றுமில்லை, நோயாளியின் கற்பனையே வேலை செய்கின்றது என்று அது முடிவு கூறியது.

கற்பனை என்று தள்ளிவிட்ட இடத்தில் நின்று மேலும் சிந்தித்தவர் நம் மேற்குக் கடற்கரையைச் சேர்ந்த ஒருவர். கோவாவின் கண்டோலிம் என்னும் ஊரில் 1756 இல் பிறந்த பாதிரியார் ஃபாரியா, 1813 இல் பாரிஸ் நகரில் இம்முறையைப் பொதுமக்கள் முன் செய்துகாட்டத் தொடங்கினார். செய்பவனிடத்தில் எவ்வகை ஆற்றலும் இல்லை, செய்துகொள்பவனின் மனம் ஒருமுகப்படுதலே இதற்குக் காரணம் என்பது அவர் கொள்கை. அவர் 1819 இல் பாரிஸிலேயே காலமானார். பின்னர் 1840களில் ஜேம்ஸ் பிரெய்டு என்னும் மருத்துவர் காந்தக் கொள்கையை விலக்கி ஹிப்னாடிஸம் என்னும் பெயரை வழங்கச் செய்தார். இன்றைய மருத்துவரும் நோயாளியின் ஒத்துழைப்பின்றி இது நடவாது என்றே பொதுவாகக் கூறுவர். அந்நிலையில் இருப்பவர் கேட்கிறார், விடையளிக்கிறார், வேண்டும்போது கண் விழிக்கவும் இயலும். மதுவோ விழிப்பையே குலைப்பது. ஆகலின் இச்சிகிச்சை ஐந்தாம் சீலத்துக்கு முரணானதன்று என்பது நம் துணிபு. அச்சீலத்தைக் காப்பது தாடைக்கும் நன்மையாதல் கூடும். மது அருந்துவோரிடத்து இரவுக் கடிப்பு மிகுதியாகக் காணப்படுகின்றது.

ஆயினும் இத்துடன் ஐயம் முழுதும் நீங்கிவிட்டதாகக் கொள்ளலாகாது. 1845 ஏப்ரலில், வங்காளத்தின் ஹூக்ளி நகரில், ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் மெஸ்மரிஸத்தால் ஒருவரை உணர்விழக்கச் செய்து அறுவை சிகிச்சை செய்தார். மயக்க மருந்துகள் வழக்கத்துக்கு வராத காலம் அது. பின்னர் அவர் பல அறுவைகளை அவ்வாறே வலியின்றிச் செய்ததாக எழுதினார். அரசாங்கம் 1846 இல் ஒரு குழுவை அமைத்துச் சோதித்து, கல்கத்தாவில் அவருக்கு ஒரு சிறு மருத்துவமனையும் தந்தது. வலியில் துடித்த ஏழைகள் பலர் அதனால் ஆறுதல் பெற்றிருப்பர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் முதன்முதல் செய்து பார்த்தது யாரிடத்தில்? ஒரு சிறைக் கைதியிடத்தில். தண்டனையில் இருக்கும் ஒரு மனிதன், தன்னை ஆளும் அரசின் மருத்துவர் முன் ‘வேண்டா’ என்று கூறும் நிலையில் இருந்தானா?

ஆகவே, நம் வினாவைத் திருத்தி அமைத்தல் வேண்டும். மனத்தை ஒருமுகப்படுத்திக் கருத்தைப் பதித்தல் நல்லதா தீயதா என்று கேட்பதினும், எந்த நிலையில், யார் விருப்பத்தால், எதன்பொருட்டு அது செய்யப்படுகின்றது என்று கேட்பதே முறை. மறுக்கும் உரிமை உள்ளவன் உடன்படுவதே உடன்பாடு. முதலாளி அனுப்பித் தொழிலாளி போவதும், கணவன் கட்டாயத்தால் மனைவி போவதும் உடன்பாடாகா. என்ன செய்யப்போகிறார்கள், எவ்வளவு பயன் எதிர்பார்க்கலாம், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்பன முன்னரே கூறப்படுதல் வேண்டும். முடிவில் நோயாளி அக்கலையைத் தாமே கற்றுக்கொண்டு மருத்துவரை விட்டு விலகுதல் வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒருவர் குரலையே நம்பியிருக்கச் செய்யும் சிகிச்சை, புகலை வெளியே தேடச் செய்வதாகும்.

பயனைப் பற்றியும் உண்மையைக் கூறுதல் கடமை. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1955 இலும், அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958 இலும் மருத்துவத்தில் ஹிப்னாடிஸத்துக்கு இடமுண்டு என்று ஏற்றன. நம் நாட்டில் 2003 இல் மத்திய அரசின் நலவாழ்வு அமைச்சகம், தக்க பயிற்சி பெற்றோர் இதனை ஒரு சிகிச்சை முறையாகக் கையாளலாம் என்றது. பல் கடித்தலைப் பொறுத்தவரை, 1991 இல் கிளார்க், ரேனால்ட்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட முன்னோட்ட ஆராய்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. எட்டுப் பேரின் கன்னத் தசையில் இரவில் கருவி பொருத்தி, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் தசையின் இயக்கத்தை அளந்தனர். இயக்கம் குறைந்தது; முகவலியும் குறைந்தது; உடன் உறங்குவோரும் ஓசை குறைந்ததாகக் கூறினர். 4 முதல் 36 மாதம் கழிந்தும் அந்நலம் நீடித்ததாக அறியப்பட்டது. ஆனால் அப்பிற்காலப் பயன் வாய்மொழியால் மட்டுமே அறியப்பட்டது, கருவியால் அளக்கப்படவில்லை. எட்டுப் பேரிடம் கண்டதைக் கொண்டு எல்லார்க்கும் பயன் தரும் என்று உறுதி கூறுதல் அறிவுக்குப் பொருந்தாது. முயன்று பார்க்கலாம் என்பதற்கு அது இடம் தருகின்றது, அவ்வளவே. ‘மூன்றே அமர்வுகளில் நிச்சயக் குணம்’ என்று விளம்பரம் செய்வோரிடம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

பல்லைக் கடித்தல் பௌத்த நூல்களுக்குப் புதியதன்று என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். மஜ்ஜிம நிகாயத்தின் மகா சச்சக சூத்திரத்தில், போதிக்கு முன்னர்த் தாம் செய்த கடுந்தவத்தைப் பகவர் எடுத்துரைக்கின்றார். பல்லோடு பல்லை இறுக்கி, நாவை மேலண்ணத்தில் அழுத்தி, மனத்தை மனத்தாலேயே நசுக்க முயன்றார். கக்கத்தினின்று வியர்வை வழிந்தது. ஊக்கம் தளரவில்லை எனினும் உடல் கொந்தளித்து ஓய்ந்தது. கடுந்தவம் போதியைத் தரவில்லை. அந்நிகாயத்திலேயே விதக்கசண்டான சூத்திரம், தீய எண்ணங்களை நீக்க ஐந்து வழிகளைக் கூறும்போது, பல்லைக் கடித்து மனத்தை அடக்குதலை ஐந்தாவதாக, மற்ற நான்கும் பயன்படாதபோது கைக்கொள்வதாக வைத்திருக்கின்றது. அதற்கு முந்திய நான்காம் வழி நம் பொருளுக்கு மிக அணித்தானது. விரைந்து நடப்பவன் ஒருவன் ‘நான் ஏன் விரைகின்றேன்?’ என்று எண்ணி மெல்ல நடக்கின்றான், பின் நிற்கின்றான், பின் அமர்கின்றான், பின் படுக்கின்றான். அவ்வாறே எண்ணத்தின் வேகத்தைப் படிப்படியாகத் தணித்தல் வேண்டும் என்கிறது அச்சூத்திரம்.

வன்மையால் அடக்குதலினும் காரணம் கேட்டுத் தளர்த்துதல் முற்பட்டது என்பது இதனால் விளங்கும். மனோவசியமும் தியானமும் ஒன்றென்று நாம் கூறவில்லை. முன்னதில் ஒரு கருத்தைப் பின்பற்றுகிறோம். பின்னதில் எழும் கருத்தை உற்றுநோக்குகிறோம். முன்னது நோய்க்கு மருந்து. பின்னது வாழ்வுக்கு வழி. காய்ச்சலுக்கு மாத்திரை உண்பவர் அதனைத் தம்மமென்று கருதாதது போலவே இதனையும் கருதல் வேண்டும்.

இரண்டாம் வினா இதனினும் கடினமானது. தையற்கூடத்தில் துண்டுக்கணக்குக் கூலிக்குப் பன்னிரண்டு மணி நேரம் குனிந்திருப்பவர் தாடை இறுகினால், குற்றம் தாடையினதா, கூலியினதா? மறுகட்டமைப்பில் தமக்கு வீடு கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரவெல்லாம் புரள்பவர்க்கு ‘மனத்தைத் தளர்த்துக’ என்று கூறுதல், அவர் வாயை மென்மையாக மூடுதலாகாதா? ‘பல்லைக் கடித்துக்கொள்’ என்ற பழைய அறிவுரைக்குப் பதிலாக, ‘பல்லைக் கடிக்காமலே பொறுத்துக்கொள்’ என்ற புதிய அறிவுரையைத் தருகிறோமா?

இவ்வச்சம் நியாயமானது. ஆனால் இதனைக் காரணங்காட்டி வலியோடிருப்பவரை வலியோடே இருக்கச் சொல்லுதல் கொடுமை. வயிற்றுப்போக்கால் வாடித் தன் மலசலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பகவர் கண்டபோது, முதலில் உபதேசம் செய்யவில்லை. ஆனந்தரை நீர் கொணரச் செய்து, இருவருமாக அவரைக் கழுவித் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். அதன் பின்னரே சங்கத்தைக் கூட்டி, நோயுற்றவரை ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை என்று கேட்டார். வலியைத் தணித்தலும் கேள்வி கேட்டலும் அங்கே ஒன்றையொன்று தடுக்கவில்லை. ஒரே கருணையின் இரு செயல்களாக நின்றன. அம்முறையே நமக்கும் முறை.

எனவே ஓர் உரைகல்லை நாம் முன்வைக்கின்றோம். அமைதியுற்ற நிலையில் நம் மனத்துக்குச் சொல்லப்படும் சொல் யாது என்று பார்த்தல் வேண்டும். ‘தாடை தளர்க, பற்கள் விலகுக, உறக்கம் வருக’ என்பது உடலுக்குச் சொல்லும் சொல், அதனை ஏற்கலாம். ‘வேலையிடத்தில் நிகழ்வது உன்னை வருத்தாது; கணவன் அடித்தாலும் உன் மனம் அமைதியாயிருக்கும்’ என்பது நீதியுணர்வுக்குச் சொல்லும் சொல்; அதனை ஏற்றல் கூடாது. தசைக்கு ஓய்வு வேண்டும். அநீதியை அநீதியென்று அறியும் உணர்வுக்கு ஓய்வு வேண்டா. இவ்வெல்லையை மருத்துவரிடம் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு.

இன்னொரு வாயிலிலும் காவல் வேண்டும். ‘முற்பிறவி நினைவுக்குக் கொண்டுசெல்வோம், உன் துன்பத்தின் வேர் அங்கே உள்ளது’ என்று கூறிப் பணம் பெறுவோர் பெருநகரங்களில் உள்ளனர். மனோவசிய நிலையில் நடவாததும் நடந்ததாக நினைவில் பதியக்கூடும் என்பது ஆராய்ச்சியாளர் பலமுறை கண்ட உண்மை. நமக்கு இதில் வேறோர் ஆபத்தும் உண்டு. முற்பிறவிப் பாவத்தால் இப்பிறவி இழிவு என்னும் வாதத்தைக் காட்டியே நம் மக்களை ஊருக்கு வெளியே நிறுத்தினர். டாக்டர் அம்பேத்கர், 1957 இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரையிலேயே, ஆன்மா, கருமம், மறுபிறப்பு பற்றிய சிக்கலை விடை காண வேண்டிய வினாக்களுள் ஒன்றாக எழுப்பினார். தாடைவலிக்கு மருந்து தேடிப் போய், வெளியேறிய அவ்வீட்டுக்கே பின்வாசல் வழியாகத் திரும்புதல் ஆகாது.

செய்யத் தக்கவை சில உள. முதலில் பல் மருத்துவரிடம் காட்டுக. நகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பொது மருத்துவமனைகள் மும்பையில் உள்ளன. உறக்கத்தில் பெருங்குறட்டையும் மூச்சுத் தடையும் இருப்பின் மருத்துவரிடம் தவறாது கூறுக. உட்கொள்ளும் மருந்துகளையும் எடுத்துக் காட்டுக. தாமாக எதையும் நிறுத்தற்க. மனோவசிய சிகிச்சையை நாடினால், பயிற்சி பெற்ற மருத்துவரையோ உளநல வல்லுநரையோ நாடுக.

பணம் செலவாகாத பயிற்சி ஒன்றும் உண்டு. பகலில் இறுகும் தாடைக்கு அது உரியது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் அன்றி மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. உதடுகள் மூடியிருக்கலாம், பற்கள் விலகியிருத்தல் வேண்டும். மின்சார ரயிலில் செல்பவர், குர்லா, சயான், மாட்டுங்கா, தாதர் என ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நிற்கும்போது ‘என் பற்கள் தொடுகின்றனவா?’ என்று தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும். தையற்பொறியில் இருப்பவர் நூல் மாற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்ளட்டும். தொட்டால், ‘ஏன் இறுக்குகின்றேன்?’ என்று ஒருமுறை எண்ணித் தளர்த்துக. சில நேரங்களில் விடை ஒன்றுமிராது. சில நேரங்களில் விடை ஒரு மேற்பார்வையாளனாக இருக்கும். ஒரு கடனாக இருக்கும். கேட்காமல் விட்ட ஒரு கேள்வியாக இருக்கும். அவ்விடையைக் குறித்துக்கொள்க, அதற்குரிய இடத்தில் அதற்குரியவரிடம் பேசுக.

1927 மார்ச்சு 20 ஆம் நாள், மகாடின் சவுதார் குளத்துக்கு அண்ணல் அம்பேத்கரோடு சென்றோர், ஆண்டாண்டாகப் பல்லைக் கடித்துக்கொண்டு தாகம் பொறுத்தவர்களின் பிள்ளைகள். அன்று அவர்கள் வரிசையாக நடந்து சென்று, பொதுக்குளத்து நீரைக் கையில் அள்ளிப் பருகினர். இறுகிய வாயால் நீர் பருகவும் இயலாது. உரிமை கேட்கவும் இயலாது. தாடையின் வலியை எந்த நல்ல மருத்துவத்தாலேனும் தணித்துக்கொள்க. தளர்ந்த அவ்வாயை உறங்குவதற்கு மட்டுமன்றிப் பேசுவதற்கும் பயன்படுத்துக.